ஒரு பொண்ணு 100 எடுத்ததும் கிளாஸ் முழுக்க கணக்குல ஃபெயில்னு காட்டுது, ஆர்-ல அப்ளை எங்க தப்பு பண்ணுது?

கணக்கு_டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். நான் பத்தாவதுக்கு கணக்கு எடுக்கிறேன். மார்க் லிஸ்ட் வேலைக்காக ரெண்டு வருஷமா ஆர்-ங்கிற புரோகிராமிங் மொழி பழகிட்டு வர்றேன், புரோகிராமிங் தனியா படிச்சதில்ல.

விஷயம் இதான். எக்செல்ல இருந்து சிஎஸ்வியா எடுத்த டேபிள், பேரு மார்க்ஸ். பேர், பிரிவு, அப்புறம் தமிழ், இங்கிலீஷ், கணக்கு, சயின்ஸ், சோஷியல்னு அஞ்சு பாடம். ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை பாடத்துல 35-க்குக் கீழ இருக்குன்னு எண்ணணும். ஒரு ரோவை வாங்கிக்கிட்டு எண்ணிக்கை தர்ற மாதிரி ஃபங்ஷன் எழுதி அதை எல்லா ரோவுக்கும் அப்ளை பண்றேன். கோடை இங்க தமிழ் எழுத்துலயே அடிக்கிறேன், பாடங்கள்-ங்கிறது அந்த அஞ்சு பாடத்தோட பேர், படிச்சா புரியும்:

எண்ணு <- ஃபங்ஷன்(ரோ) சம்(ரோ[பாடங்கள்] < 35)
அப்ளை(மார்க்ஸ், 1, எண்ணு)

காலாண்டு, அரையாண்டு ரெண்டுக்கும் இதே கோடுதான், கையால எண்ணிப் பாத்தும் சரியா இருந்துச்சு. இப்ப ரிவிஷன் டெஸ்ட் மார்க்கைப் போட்டேன், ஃபெயிலே ஆகாத பிள்ளைங்களுக்குக் கூட 1 வருது. எந்தப் பாடம்னு தேடினா கணக்கு, 42 பேருமே கணக்குல ஃபெயில்! தமிழ், இங்கிலீஷ், சயின்ஸ், சோஷியல் நாலும் அப்படியே சரியா இருக்கு.

இதுல என்ன வேதனைன்னா இந்த தடவை ஒரு பொண்ணு கணக்குல 100 எடுத்திருக்கா, எட்டாவதுல கணக்கு பீரியடுன்னாலே அழுத பொண்ணு, அவளும் அந்த லிஸ்ட்ல ஃபெயில்னு நிக்கிறா. பாத்ததும் மனசு கேக்கல.

நான் பண்ணிப் பாத்தது ரெண்டு. 7-வது ரோவை மட்டும் தனியா எடுத்து எண்ணு ஃபங்ஷனுக்குக் குடுத்தா சரியான விடை வருது. அப்புறம் சந்தேகப்பட்டு அந்தப் பொண்ணோட 100-ஐ 99-னு மாத்திப் போட்டேன், மொத்த கிளாஸும் சரியாயிடுச்சு! ஒருத்தி மார்க்கை மாத்தினா மத்த 41 பேரோட ரிசல்ட் ஏன் மாறணும்? ரோ ரோவாத்தானே பாக்குது? நேத்து ராத்திரி பூரா இதே யோசனைதான்.

---

காவிரிக்கரை

டீச்சர், அந்த 99 டெஸ்ட் அருமையான வேலை, பாதி விடை அதுலயே வந்துடுச்சு. எனக்கு ஒரு ஊகம் இருக்கு ஆனா உறுதி பண்ணிட்டுச் சொல்றேன். உங்க எண்ணு ஃபங்ஷனுக்குள்ள முதல் வரியா பிரிண்ட்(ரோ) போட்டு ஓட்டுங்க, முதல் ரெண்டு மூணு பிள்ளைக்கு என்ன வருதுன்னு இங்க போடுங்க. வெளிய இல்ல, ஃபங்ஷனுக்கு உள்ள.

---

கணக்கு_டீச்சர்

போட்டேன் சார். பேரை எடுத்துட்டு ஒரு பிள்ளையோடது மட்டும் ஒட்டுறேன்:

"ஏ" "64" "58" " 71" "49" "66"

எல்லாத்துக்கும் மேற்கோள் குறி வருது. டேபிள்ல எஸ்டிஆர் (எது எந்த டைப்புன்னு காட்டுற ஃபங்ஷன்) போட்டா அஞ்சு பாடமும் இன்டிஜர், அதாவது முழு எண்ணுன்னுதான் காட்டுது. அப்புறம் கணக்கு 71-க்கு முன்னாடி மட்டும் ஒரு இடைவெளி இருக்கு, மத்ததுல இல்ல. 100 எடுத்த பொண்ணுக்கு இடைவெளி இல்லாம "100"-னு வருது.

---

காவிரிக்கரை

அவ்வளவுதான், பிடிபட்டுடுச்சு. கொஞ்சம் நீளமா சொல்றேன், இது ஆர் எழுதுற பல பேரு ஒரு தடவையாவது மாட்டுற இடம்.

அப்ளை-ங்கிற ஃபங்ஷன் மேட்ரிக்ஸுக்குன்னு எழுதினது. நீங்க டேட்டா ஃப்ரேம் (உங்க மார்க்ஸ் மாதிரி டேபிள்) குடுத்தா அது வேலையை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஆஸ்.மேட்ரிக்ஸ் கூப்பிட்டு முழு டேபிளையும் மேட்ரிக்ஸா மாத்திடும். மேட்ரிக்ஸ்ல எல்லா கட்டமும் ஒரே டைப்பாத்தான் இருக்கணும். உங்க டேபிள்ல பேர், பிரிவுன்னு எழுத்து காலம், அதாவது நெடுவரிசை, ரெண்டு இருக்கு, எழுத்தை எண்ணாக்க முடியாது, அதனால எண்ணெல்லாம் எழுத்தாயிடும். நீங்க 35-ஓட ஒப்பிடுறப்போ ஒரு பக்கம் ஸ்ட்ரிங் (எழுத்து), ஒரு பக்கம் எண், ஆர் அந்த 35-ஐயும் "35"-னு ஸ்ட்ரிங்காக்கி அகராதி வரிசையில ஒப்பிடும்.

இப்ப 100 எங்க வருதுன்னா, எண் காலத்தை எழுத்தாக்கறப்போ ஆஸ்.மேட்ரிக்ஸ் அந்தக் காலத்தை ஃபார்மேட் வழியா அனுப்புது, ஃபார்மேட் ஒரு காலத்துல இருக்கிற எல்லாத்தையும் ஒரே அகலத்துக்குக் கொண்டு வரும். கணக்கு காலத்துல 100 இருக்கு, மூணு எழுத்து அகலம், அதனால 71 போய் " 71" ஆச்சு. மத்த நாலு பாடத்துல யாரும் 100 எடுக்கல, ரெண்டு எழுத்தே போதும், இடைவெளி விழல. ஸ்ட்ரிங் ஒப்பிடுறது முதல் எழுத்துல இருந்து ஆரம்பிக்கும், வரிசையில இடைவெளி 3-க்கு முன்னாடி வரும், அதனால " 71" சின்னது, "35" பெரிசு. 41 பேரும் அப்படித்தான் ஃபெயில் ஆனாங்க. உங்க 100 பொண்ணுக்கு இடைவெளி இல்ல, ஆனா "100"-ல முதல் எழுத்து 1, அது 3-ஐ விடச் சின்னது, அவளும் போயிட்டா.

அரையாண்டு வரைக்கும் ஏன் சரியா வந்துச்சுன்னா எல்லாரும் ரெண்டு இலக்கம். ரெண்டு இலக்க எண்ணுங்களை அகராதி வரிசையில வச்சாலும் எண் வரிசையில வச்சாலும் ஒன்னுதான். 7 மார்க் எடுத்த பையன் இருந்தா " 7" ஆகியிருப்பான், இடைவெளியால சின்னதாகி ஃபெயில்னு வந்திருப்பான், அவன் உண்மையிலயே ஃபெயில்தான். அதாவது காலாண்டுலயும் அது எண்ணா ஒப்பிடவே இல்ல, விடை மட்டும் பொருந்தி வந்திருக்கு. இன்னொன்னு, ஸ்ட்ரிங் வரிசை கம்ப்யூட்டரோட மொழி செட்டிங்கைப் பொறுத்தது, இடைவெளியைக் கணக்குல எடுக்காத செட்டிங்ல இதே கோடு அந்த 100 பொண்ணை மட்டும் ஃபெயிலாக்கியிருக்கும். 42 பேரும் ஃபெயிலானதுதான் உங்க கண்ணுல பட்டுச்சு, ஒருத்தி மட்டும் ஆகியிருந்தா லிஸ்ட் அப்படியே போர்டுல ஒட்டியிருப்பாங்க.

தனியா 7-வது ரோ எடுத்தப்ப சரியா வந்ததுக்குக் காரணம், டேட்டா ஃப்ரேம்ல இருந்து ஒரு ரோ எடுத்தா அதுவும் டேட்டா ஃப்ரேம்தான், எண் எண்ணாவே இருக்கும். அப்ளை அந்த வழியில போகவே இல்ல.

சரி பண்ண இந்த ஒரு வரி போதும்:

ரோசம்ஸ்(மார்க்ஸ்[பாடங்கள்] < 35)

அப்ளை வேணாம், எண்ணு ஃபங்ஷனும் வேணாம். மார்க்ஸ்[பாடங்கள்]-ல அஞ்சு எண் காலம் மட்டும் இருக்கு, < 35 போட்டதும் 42 ரோ, 5 காலம், மொத்தம் 210 கட்டத்துக்கும் ட்ரூ இல்ல ஃபால்ஸ் வந்துடும், ரோசம்ஸ் ட்ரூவை 1-னு எடுத்து ரோ ரோவா கூட்டும். < குறியே ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாத்தான் வேலை செய்யுது, ஆர்-ல அது பிறவியிலயே உள்ள குணம். கூட்டல், பெருக்கல், ரவுண்ட், எழுத்தை எண்ணுற என்கேர், பெரிய எழுத்தாக்குற டூஅப்பர் எல்லாம் அப்படித்தான். ஆர்-ல தனி எண்ணுன்னு ஒன்னு கிடையாது, 35-ங்கிறதே நீளம் 1 உள்ள வெக்டர் (ஒரே டைப் மதிப்புகளோட வரிசை), அதைத் தேவையான நீளத்துக்கு திருப்பித் திருப்பிப் போட்டுக்கும்.

ஆப்சென்ட் ஆன பிள்ளை இருந்தா என்ஏ.ஆர்எம் = ட்ரூ சேத்துக்கோங்க, இல்லேன்னா அந்தப் பிள்ளைக்கு எண்ணிக்கைக்குப் பதிலா என்ஏ, அதாவது மதிப்பு இல்லைங்கிற குறி வரும்.

---

கணக்கு_டீச்சர்

சார் ரொம்ப ரொம்ப நன்றி. ஓட்டிப் பாத்தேன், சரியா வந்துடுச்சு, அந்தப் பொண்ணுக்கு 0. படிச்சதும் உடம்பே சிலிர்த்துடுச்சு, காலாண்டு லிஸ்ட்டும் தற்செயலாத்தான் சரியா வந்துச்சுங்கிறது இப்பத்தான் தெரியுது.

இதோட இன்னொன்னு கேட்டுடறேன். மொத்த சராசரியை வச்சு கிரேடு போட இஃப், எல்ஸ் இஃப்னு ஒரு ஃபங்ஷன் வச்சிருக்கேன். நீங்க சொன்ன மாதிரி முழு காலத்தையும் கட்டா குடுத்தேன், கண்டிஷனோட நீளம் ஒன்னுக்கு மேல இருக்குன்னு எர்ரர். எல்லாம் தானாவே ஒவ்வொன்னுக்கும் ஓடும்னா இது ஏன் ஓடல?

---

இரவுஷிப்ட்

டீச்சர் இதுக்கு நான் சொல்றேன். குறிகளும் கணக்கு ஃபங்ஷன்களும் வெக்டருக்கு ஓடும், ஆனா இஃப் ஓடாது. இஃப்-னா இந்தப் பக்கம் போறதா அந்தப் பக்கம் போறதான்னு ஒரே ஒரு முடிவு, அதுக்கு ஒரே ஒரு ட்ரூ ஃபால்ஸ்தான் குடுக்க முடியும், 42 முடிவை ஒண்ணா குடுத்தா அது எந்தப் பக்கம் போகும்? எர்ரர் வந்தது நல்லதுக்குத்தான், 2022-ல வந்த ஆர் 4.2.0-க்கு முன்னாடி இது வெறும் வார்னிங், முதல் பிள்ளைக்கு வந்த பதிலை வச்சே மொத்தத்தையும் முடிவு பண்ணிட்டுப் போயிடும். முதல் பிள்ளை நல்லா படிக்கிற பிள்ளையா இருந்தா கிளாஸ் முழுக்க ஏ கிரேடு.

கிரேடுக்கு கட்-னு ஒரு ஃபங்ஷனே இருக்கு, அதான் இதுக்குப் பொருத்தம்:

கட்(சராசரி, பிரேக்ஸ் = சி(0, 35, 60, 80, 101), ரைட் = ஃபால்ஸ், லேபிள்ஸ் = சி("டி", "சி", "பி", "ஏ"))

இங்க சி( )-ங்கிறது மதிப்புகளை ஒரே வெக்டரா சேக்கிற ஃபங்ஷன். இதுல ரெண்டு இடம் கவனமா இருக்கணும். ரைட் = ஃபால்ஸ் போடலேன்னா சரியா 35 எடுத்த பிள்ளை கீழ் கட்டத்துல விழுந்துடும், பாஸ் ஆகவேண்டியது டி-ல போய் நிக்கும். கடைசி எல்லையை 100-னு வச்சா சரியா 100 எடுத்தவங்களுக்கு கிரேடே வராது, என்ஏ-ன்னு வரும், ஏன்னா ரைட் = ஃபால்ஸ் போட்டதும் மேல் எல்லை கட்டத்துக்குள்ள சேராது. அதான் 101 வச்சிருக்கேன். மறுபடியும் அந்தப் பொண்ணு மாதிரி பிள்ளைங்கதான் அடிபடுவாங்க.

சிக்கலான லாஜிக், கட்-ல அடங்காதுன்னா உங்க இஃப் ஃபங்ஷனை அப்படியே வச்சுக்கிட்டு ஒவ்வொரு சராசரியையும் தனித்தனியா அதுக்கு அனுப்பணும். அதுக்குத்தான் எல்அப்ளை, எஸ்அப்ளை, விஅப்ளை மூணும். எல்அப்ளை எப்பவும் லிஸ்ட்டா (எந்த டைப்பும் கலந்து வைக்கக்கூடிய வரிசை) தரும். எஸ்அப்ளை அதைச் சுருக்கப் பாக்கும், எல்லா பதிலும் ஒத்தையா இருந்தா வெக்டர், எல்லாம் ஒரே நீளம் ஆனா ஒன்னுக்கு மேலன்னா மேட்ரிக்ஸ், நீளம் கலந்து கட்டி இருந்தா லிஸ்ட். எது வரும்னு டேட்டா வந்து சேர்ற வரைக்கும் தெரியாது. விஅப்ளை-ல நாமளே முன்கூட்டி சொல்லிடணும், ஒவ்வொரு பதிலும் ஒத்தை ஸ்ட்ரிங்கா இருக்கணும்னு:

விஅப்ளை(சராசரி, கிரேடு, கேரக்டர்(1))

வேற ஏதாச்சும் வந்தா அங்கயே நிறுத்திடும். விஅப்ளை பத்தி இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. முன்னாடி வேலை பாத்த எடத்துல தினமும் ராத்திரி ஓடுற ரிப்போர்ட் ஒன்னு, நான் எழுதினது, எஸ்அப்ளை போட்டிருந்தேன். மாசக்கணக்குல ஓடுச்சு. ஒரு பண்டிகை நாள் அன்னிக்கு ஒரு ஆர்டர் கூட இல்ல, காலியான வெக்டர் உள்ள போச்சு. காலியா குடுத்தா எஸ்அப்ளை காலி எண் வெக்டர் தராது, காலி லிஸ்ட் தரும். வேற ஃபைல்ல அந்த விடைக்கு சம் போட்டிருந்தேன், லிஸ்ட்டுக்கு சம் போகாது, விடியக்காலை மூணு மணிக்கு நின்னுடுச்சு. பிரச்சனை நாலு ஃபைல் தள்ளி வெடிச்சதால மூலத்தைக் கண்டுபிடிக்கவே விடிஞ்சு போச்சு. விஅப்ளை போட்டிருந்தா காலி எண் வெக்டர் வந்திருக்கும், கூட்டினா 0, ரிப்போர்ட் ஓடியிருக்கும். அன்னிக்கு இருந்து கன்சோல்ல சும்மா பாக்கறதுக்கு மட்டும்தான் எஸ்அப்ளை, ஃபைல்ல எழுதி வைக்கிறது எல்லாம் விஅப்ளை.

---

லூப்_மட்டும்

ஒரு ஃபார் லூப் போட்டிருந்தா இந்த வம்பு எதுவுமே இல்லையே. காலத்தை வெளிய எடு, ஒன்னு ஒன்னா பாரு, முடிஞ்சது. ஃபார் லூப் ஸ்லோ, அப்ளை குடும்பம் ஃபாஸ்ட்னு யாரோ கிளப்பி விட்டதை நம்பி எல்லாரும் அப்ளை அப்ளைன்னு போய் விழுறாங்க.

---

காவிரிக்கரை

நீங்க சொல்றதுல ஸ்பீடு பத்தினது சரி, அதை மறுக்க மாட்டேன். எல்அப்ளை உள்ள சி மொழியில ஒரு லூப்தான் ஓடுது, ஆனா ஒவ்வொரு சுத்துலயும் நீங்க குடுத்த ஆர் ஃபங்ஷனைத்தானே திரும்பக் கூப்பிடுது, அந்தச் செலவு அப்படியே இருக்கு. அப்ளை, வெக்டரைஸ் ரெண்டும் அதே கதைதான், வெக்டரைஸ்-னு பேரு இருக்கிறதால வேகம் வரும்னு நினைக்கிறாங்க, உள்ள பாத்தா எம்அப்ளைக்கு ஒரு உறை போட்டது, அவ்வளவுதான். 2017-ல வந்த ஆர் 3.4.0-ல இருந்து ஃபார் லூப்பை பைட் கோடாக்குறது (வேகமா ஓடுற வடிவத்துக்கு மாத்துறது) தானாவே நடக்குது. லூப்பை உண்மையில கொல்றது ஒவ்வொரு சுத்துலயும் விடை வெக்டரை ஒன்னு ஒன்னா நீட்டிக்கிட்டே போறது, முன்னாடியே முழு நீளத்துக்கு இடம் ஒதுக்கிட்டா அந்தக் குறை போயிடும்.

ஆனா ரோசம்ஸ்(மார்க்ஸ்[பாடங்கள்] < 35)-ங்கிறது வேற வகை. அங்க 210 ஒப்பிடுதலும் சி-க்குள்ளயே முடியுது, ஒவ்வொரு கட்டத்துக்கும் தனியா ஆர் ஃபங்ஷன் கூப்பிடுறதே இல்ல. 42 பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது, லட்சக்கணக்குல போனா நல்லாவே தெரியும். அதைவிட எனக்கு முக்கியம் படிக்கிறது. பாடங்கள்ல 35-க்குக் கீழ இருக்கிறதை எண்ணுன்னு அந்த வரி வாய்விட்டுச் சொல்லுது. லூப்ல ஐ, ஜே, எண்ணிக்கை பிளஸ் ஒன்னு எல்லாத்தையும் படிச்சுட்டுத்தான் விஷயத்துக்கு வர முடியும். ஒரு ரோவோட பதில் அதுக்கு முந்தின ரோவோட பதிலைப் பொறுத்ததுன்னா, சேமிப்புக் கணக்குல வட்டி மேல வட்டி ஏறுற மாதிரி, அங்க லூப்தான் சரி, நானும் அதான் எழுதுவேன்.

---

லூப்_மட்டும்

முன்னாடியே நீளம் ஒதுக்கறது பத்தி சொன்னது சரி, என் பழைய கோடுல அதான் இல்ல, சி(விடை, புதுசு)னு நீட்டிக்கிட்டே போயிருக்கேன். அதை மாத்திப் பாக்கறேன்.

---

மலைக்கோட்டை

டீச்சர் ஒரு எச்சரிக்கை. நாளைக்கு ஒவ்வொரு பாடத்துக்கும் வேற வேற கட்ஆஃப் வேணும்னு தோணும், மார்க்ஸ்[பாடங்கள்] < சி(35, 35, 40, 35, 30) அப்படின்னு எழுதத் தோணும். எழுதிடாதீங்க. அந்த அஞ்சு எண்ணும் குறுக்கால பாடம் பாடமா போகாது, மேல இருந்து கீழ பிள்ளை பிள்ளையா இறங்கும். முதல் பிள்ளையோட தமிழை 35-ஓட, மூணாவது பிள்ளையோட தமிழை 40-ஓட ஒப்பிடும். எர்ரரும் வராது, வார்னிங்கும் வராது, மூணாவது பிள்ளை தமிழ்ல 37 எடுத்திருந்தா ஃபெயில்.

இதுக்கு எம்அப்ளை இருக்கு. ரெண்டு கலெக்ஷனை ஜோடி ஜோடியா நடத்தும், முதல் காலத்தோட முதல் கட்ஆஃப், ரெண்டாவது காலத்தோட ரெண்டாவது கட்ஆஃப்:

எம்அப்ளை(ஃபங்ஷன்(காலம், எல்லை) காலம் < எல்லை, மார்க்ஸ்[பாடங்கள்], எல்லைகள்)

டேட்டா ஃப்ரேம்ங்கிறதே உள்ளுக்குள்ள காலங்களோட லிஸ்ட்தான். அதனாலதான் எல்அப்ளை, எம்அப்ளை எல்லாம் டேட்டா ஃப்ரேமைக் குடுத்தா காலம் காலமா போகும், ரோ ரோவா போகாது, டைப்பும் கெடாது. காலம் காலமா யோசிச்சா ஆர் நம்ம பக்கம் நிக்கும்.

---

கணக்கு_டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. கட் வச்சு கிரேடு போட்டுட்டேன், 35-ல ரெண்டு பேர் இருந்தாங்க, ரைட் = ஃபால்ஸ் இல்லாம ஓட்டிப் பாத்தேன், சொன்ன மாதிரியே ரெண்டு பேரும் டி-க்குப் போனாங்க, போட்டதும் சி-க்கு வந்துட்டாங்க.

கடைசியா ஒன்னு. பக்கத்து பிரிவு டீச்சர் அவங்க ஃபைலைக் குடுத்தாங்க, அதே ஒரு வரியைப் போட்டேன், சயின்ஸ்ல மட்டும் எண்ணிக்கை தப்பா வருது. அங்க நான் அப்ளை போடவே இல்லையே.

---

காவிரிக்கரை

அவங்க ஆப்சென்ட்டுக்கு கட்டத்தைக் காலியா விடாம "ஏபி"-ன்னு அடிச்சிருக்காங்களான்னு பாருங்க. ஒரு கட்டத்துல அப்படி எழுத்து இருந்தாலே ரீட்.சிஎஸ்வி அந்தக் காலம் முழுசையும் எழுத்தா எடுத்துக்கும், அப்புறம் அதே அகராதி ஒப்பீடுதான்.

---

கணக்கு_டீச்சர்

ஆமா சார், சயின்ஸ்ல மட்டும் ஒரு பையனுக்கு ஏபி இருக்கு. அவனுக்கு அம்மை போட்டிருந்துச்சு, பரீட்சைக்கு வரல. அதே காலத்துல 8 மார்க் எடுத்த பையன் ஒருத்தன் பாஸ்னு வந்திருக்கான்.

---

காவிரிக்கரை

ஃபைலைப் படிக்கிற வரியிலயே என்ஏ.ஸ்ட்ரிங்ஸ் = சி("", "ஏபி") சேத்துடுங்க, காலம் எண்ணாவே வரும். ஃபைல்ல அவங்க எப்படி அடிச்சிருக்காங்களோ எழுத்து மாறாம அப்படியே குடுக்கணும், பெரிய எழுத்து சின்ன எழுத்து கூட மாறக்கூடாது. படிச்ச கையோட எஸ்டிஆர் போட்டு அஞ்சு பாடமும் இன்டிஜரான்னு பாத்துட்டு ரோசம்ஸ் ஓட்டுங்க, அம்மை போட்ட பையனுக்கு மத்த நாலு பாடம் எண்ணணும்னா என்ஏ.ஆர்எம் = ட்ரூ மறந்துடாதீங்க.